வாசிக்கத் தெரிகிறது, புரியவில்லை: குறை எங்கே இருக்கிறது?

நான்காம் வகுப்பில் படிக்கும் மகன் தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசித்துவிடுகிறான். வாசித்து முடித்ததும் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறான். அதே பாடத்தைத் தாய் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறான். இது கவனக்குறைவா, வாசிப்பில் உள்ள குறைபாடா, அல்லது அவன் காதால் மட்டுமே கற்கும் வகைப் பிள்ளையா என்பது உங்கள் கேள்வி. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், ஏறக்குறைய இதே சொற்களில் இந்தக் கேள்வியைப் பெற்றோர் பலரிடமிருந்து கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது ஊகத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிக்கும் பேச்சு பள்ளிகளில் பரவலாக இருந்தாலும், அப்படிப் பிரித்து அவரவர் வகைக்கு ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. 2008இல் அமெரிக்க உளவியலாளர் ஹெரால்டு பாஷ்லரும் மற்ற மூவரும் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஆராய்ந்து இந்த முடிவுக்கே வந்தார்கள். உங்கள் மகனிடம் நீங்கள் காணும் வேறுபாடு உண்மையானது. அதற்கான காரணம் அவனுடைய காதிலோ கண்ணிலோ இல்லாமல், பெரும்பாலும் மொழியில் இருக்கிறது.

உங்களிடம் நான் திருப்பிக் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான். "நான் சொன்னால் புரிகிறது" என்கிறீர்களே, அப்போது நீங்கள் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் வாசித்துக் காட்டுகிறீர்களா, அல்லது அதை உங்கள் வீட்டுப் பேச்சில் எடுத்துச் சொல்கிறீர்களா? பெற்றோரில் அநேகமாக எல்லோரும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள், அதுவும் தாங்கள் அப்படிச் செய்வதை அறியாமலே. "அரசன் தன் தவற்றை உணர்ந்து வருந்தினான்" என்று கண் வாசிக்க, வாய் "ராஜாவுக்கு தான் செஞ்சது தப்புன்னு புரிஞ்சு போச்சு, ரொம்ப வருத்தப்பட்டான்" என்று சொல்லிவிடுகிறது. பிள்ளை அதைப் புரிந்துகொள்வதில் வியப்பில்லை, ஏனென்றால் கடினமான வேலையை நீங்கள் முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

ஆகவே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இன்னும் வகுப்பில் நடத்தாத பாடம் ஒன்றிலிருந்து பத்து வரிகளை எடுத்து, புத்தகத்தை அவனுக்குக் காட்டாமல், எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். பிறகு நாலைந்து கேள்விகள் கேளுங்கள். அவன் நன்றாகப் பதில் சொன்னால், மொழி அவனுக்குத் தெரிந்திருக்கிறது, எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகும் வழியில்தான் அவன் உழைப்பெல்லாம் செலவாகிறது என்று பொருள். பதில் சொல்லத் திணறினால், அவனுடைய சிக்கல் வாசிப்பிலேயே இல்லை; அந்தத் தமிழ் அவன் காதுக்கே பழக்கமில்லாதது. என் அனுபவத்தில், தடங்கலின்றி வாசித்தும் புரியாத பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இந்தச் சோதனைக்குப் பின்னால் இருப்பது 1986இல் பிலிப் கோ, வில்லியம் டன்மர் என்ற இருவர் முன்வைத்த எளிய கருத்து. வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது, எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும் அந்த மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது என்றார்கள் அவர்கள். இரண்டையும் கூட்டுவதாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். பெருக்கலில் ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம்தான். பொருள் தெரியாமலே தேவநாகரியில் சமஸ்கிருத சுலோகத்தைப் பிழையின்றி வாசிக்கும் ஒருவரையும், எழுதப் படிக்கத் தெரியாமல் பாரதக் கதை முழுவதையும் விளக்கக்கூடிய ஒரு கிழவியையும் நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கும். இந்தக் கருத்துக்குப் பின்னால் திருத்தங்கள் பல வந்திருக்கின்றன என்றாலும், சிக்கல் எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது.

இனி, தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழே எப்படிப் பழக்கமில்லாமல் போகும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1959இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன், ஒரே சமூகத்தில் வீட்டுக்கு ஒரு வழக்கும் எழுத்துக்கும் மேடைக்கும் மற்றொரு வழக்கும் நிலைத்து வாழும் நிலையை அரபு முதலிய மொழிகளை வைத்து விளக்கினார். இதைத் தமிழில் இரட்டை வழக்கு என்கிறோம். இதன் முக்கியமான கூறு, எழுத்து வழக்கு எந்தக் குழந்தைக்கும் தாய்மொழியாக வாய்ப்பதில்லை என்பதே. எந்தத் தாயும் குழந்தையிடம் "நீ சாப்பிட்டுவிட்டாயா?" என்று கேட்பதில்லை. ஐந்து வயது வரை "சாப்டியா", "விழுந்துடுச்சு", "போறாங்க" என்று கேட்டு வளர்ந்த பிள்ளையிடம், பள்ளியின் முதல் நாளிலிருந்தே "விழுந்துவிட்டது", "போகிறார்கள்" என்று அச்சிட்ட புத்தகத்தைக் கொடுத்து, இது உன் தாய்மொழி, நீ எழுத்தை மட்டும் கற்றால் போதும் என்கிறோம். அதுதான் நம் கணக்கில் உள்ள பிழை.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இந்த இடைவெளி கண்மூடித்தனமானதன்று. அதற்கு ஒழுங்கு உண்டு. சொல்லின் முதலில் வரும் இகரமும் உகரமும், அடுத்து ஒற்றை மெய்யும் அதன்மேல் அகரமோ ஐகாரமோ வந்தால், பேச்சில் எகரமாகவும் ஒகரமாகவும் திரிகின்றன: இலை எலையாகிறது, விலை வெலையாகிறது, உலகம் ஒலகமாகிறது, குடை கொடையாகிறது. காற்றும் நேற்றும் காத்து, நேத்து என்றாகின்றன. ஒன்றும் கன்றும் ஒண்ணு, கண்ணு என்றாகின்றன. இத்தகைய பத்துப் பன்னிரண்டு ஒழுங்குகளைத் தெரிந்துகொண்டால் பிள்ளைக்கு ஆயிரக்கணக்கான சொற்கள் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். ஆனால் வீட்டுப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டுப் பாடம் நடத்தும் வகுப்பில் இந்த ஒழுங்கை யாரும் அவனுக்குச் சுட்டிக்காட்டுவதில்லை. தன் வாயில் உள்ள "காத்து"தான் புத்தகத்தில் "காற்று" என்று நிற்கிறது என்பதைச் சில பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கிறார்கள். மற்றவர்கள் அதை ஒரு புதிய சொல்லாகவே கருதிக் கடந்துபோகிறார்கள்.

எழுத்து முறையும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துகளை அறிந்துவிட்டால் எதையும் வாசித்துவிடலாம் என்று பெருமையாகச் சொல்கிறோம். அது பெரும்பாலும் உண்மைதான். ஆயினும் ககரம் கல்லில் ஒரு விதமாகவும், தங்கத்தில் ஒரு விதமாகவும், அகத்தில் ஒரு விதமாகவும் ஒலிக்கிறது. காந்தி என்ற பெயரின் முதலெழுத்தை எப்படி ஒலிப்பது என்பது எழுத்திலிருந்து தெரிவதில்லை, பெயரை முன்பே கேட்டிருந்தால்தான் தெரியும். புணர்ச்சி இன்னொரு திரை. முட்செடி என்பதைப் பிசகாமல் வாசிக்கும் பிள்ளைக்கு அதற்குள் முள் இருப்பது தெரியாமல் இருக்கலாம். கற்சிலையில் கல்லும், பொற்குடத்தில் பொன்னும் அப்படியே மறைந்திருக்கின்றன. ஒட்டுகள் அடுக்கிவரும்போது ஒரே சொல் ஒரு வரியை அடைத்துக்கொள்கிறது. "எழுதிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பதில் 19 எழுத்துகள் உள்ளன. பழகிய கண் அதை நான்கைந்து துண்டுகளாகப் பார்க்கிறது, பழகாத கண் ஒவ்வோர் எழுத்தாகக் கடக்கிறது, கடந்து முடிக்கும்போது தொடக்கம் மறந்துபோகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வாக்கியத்தின் கட்டமைப்பு என்பது என் கருத்து. பின்வரும் வாக்கியத்தைப் பாருங்கள்: "நேற்றுப் பெய்த மழையில் நனைந்துபோன புத்தகங்களை முற்றத்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்த தாத்தாவைத் தேடி வந்த தபால்காரர் திண்ணையில் அமர்ந்தார்." இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. இதையே வீட்டில் சொல்வதானால், "நேத்து மழை பேஞ்சுச்சுல்ல, புத்தகமெல்லாம் நனைஞ்சு போச்சு. தாத்தா அத முத்தத்துல காயவச்சிட்டு இருந்தாரா, அப்ப தபால்காரரு அவரத் தேடி வந்தாரு, வந்து திண்ணையில உக்காந்தாரு" என்போம். பேச்சு ஒவ்வொரு செய்தியையும் முடித்து இறக்கி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறது. எழுத்தோ பெயரெச்சத்தின்மேல் பெயரெச்சமாக ஏற்றிக்கொண்டே போய், கடைசி வினை வரும்வரை அத்தனையையும் மனத்தில் சுமக்கச் சொல்கிறது. எழுத்து வாக்கியத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு, திண்ணையில் அமர்ந்தது யார் என்று கேட்டால் தாத்தா என்று சொல்லும் பிள்ளைகள் ஏராளம். அவர்களை மக்கு என்று திட்டும் ஆசிரியரிடம் நான் ஒரு சட்டப் பத்திரத்தைக் கொடுத்து ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் பொருள் சொல்லச் சொல்வது வழக்கம். (கிரயப் பத்திரத்தின் ஒரு பக்கம் போதும், பிறகு திட்டுவது கொஞ்சம் குறையும்.)

இதனோடு குரல் என்ற உதவியும் எழுத்தில் இல்லாமல் போகிறது. "சிவப்புப் பூப்போட்ட பை" என்று எழுதினால் சிவப்பு பூவுக்கா பைக்கா என்பது தெரியாது. சொல்லும்போது எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே அது விளங்கிவிடும். நம் ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளியோ, பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியோகூடக் கிடையாது. காற்புள்ளி முதலிய குறிகள் அச்சோடு பரவியவை. சுவடியை வாசித்தவர் பாடத்தை முன்பே செவிவழியாக ஓரளவு அறிந்திருந்ததால்தான் அதைப் பிரித்து வாசிக்க முடிந்தது. திண்ணைப் பள்ளிகளில் பொருள் பின்னால் வரட்டும், ஓசை முதலில் நிற்கட்டும் என்று மனப்பாடம் செய்யவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். எழுத்துக்கு உள்ள ஒரு சாதகத்தையும் சொல்ல வேண்டும்: கேட்பவனால் திரும்பிப் போக முடியாது, வாசிப்பவனால் முடியும். நன்றாக வாசிப்பவர்களின் கண்ணும் வரியில் சீராக நகர்வதில்லை. ஓர் இடத்தில் ஏறத்தாழ கால் விநாடி நின்று, தாவி, அவ்வப்போது பின்னோக்கியும் செல்கிறது. புரியாத இடத்தில் பின்னால் போய்ப் பார்ப்பது திறமையின் அடையாளம். வேகமாக வாசிப்பதையே பாராட்டிப் பாராட்டி, திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை நாம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். உங்கள் மகனின் "தடங்கலின்றி" என்பது எனக்குச் சிறிது கவலை தருவது இதனால்தான்.

சொல்லும் வாக்கியமும் தெரிந்த பிறகும் புரியாமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு. இதை வாசியுங்கள்: "முதலில் இடத்தை நனைத்துக்கொள்ள வேண்டும், காய்ந்துபோனால் நிற்காது. எண்ணிக்கையைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும், நடுவில் மாற்றினால் எல்லாம் கெட்டுவிடும். சிலர் அவற்றைத் தொட்டுச் செல்வார்கள், சிலர் சுற்றிச் செல்வார்கள். தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் சரியாகச் செய்திருக்கிறோம் என்று அறியலாம். மாலைக்குள் எப்படியும் மிதிபட்டுவிடும்." ஒவ்வொரு சொல்லும் தெரிகிறது, ஆனாலும் மனம் எதையோ தேடுகிறது. வாசலில் போடும் கோலத்தைப் பற்றியது என்று சொன்னவுடன் எல்லாம் தத்தம் இடத்தில் போய் அமர்கின்றன. 1972இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் துணி துவைப்பதைப் பற்றி இப்படி மறைத்து எழுதிய ஒரு பத்தியைச் சிலருக்கு வாசித்துக் காட்டினார்கள். எதைப் பற்றியது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டு நினைவில் வைத்திருந்தார்கள். கேட்டு முடித்த பிறகு சொல்லப்பட்டவர்களுக்கு அந்தத் தகவல் பயன்படவில்லை. இங்கே அவர்கள் காதால்தான் கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். சொற்களிலிருந்து பொருளை உருவாக்கும் வேலை காதுக்கும் கண்ணுக்கும் பொதுவானது, அந்த வேலைக்கு வேண்டிய கச்சாப்பொருளில் பாதி நாம் ஏற்கெனவே அறிந்து வைத்திருப்பதுதான்.

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் அமெரிக்க மாணவர்கள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வருணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்புத் தேர்வில் பின்தங்கியிருந்தும் அந்த ஆட்டத்தை நன்கு அறிந்தவர்கள், வாசிப்பில் சிறந்திருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட மேலாகப் புரிந்துகொண்டார்கள். உங்கள் மகனுக்கு அவன் விரும்பும் கிரிக்கெட் ஆட்டத்தின் செய்தியை நாளிதழிலிருந்து கொடுத்துப் பாருங்கள். பாடப் புத்தகத்தின் முன் விழிக்கும் பிள்ளையா இவன் என்று நீங்களே கேட்கக்கூடும்.

செய்ய வேண்டியது என்ன என்றால், எழுத்துத் தமிழை அவன் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன் காதுக்குக் கொண்டுபோக வேண்டும். அரபு மொழியிலும் நம்மைப் போன்ற இரட்டை வழக்கே உண்டு. இஸ்ரேலில் உள்ள அரபு மழலையர் வகுப்புகளில், குழந்தைகளுக்கு இலக்கிய அரபியில் அமைந்த கதைகளை மாதக்கணக்கில் மாற்றாமல் வாசித்துக் காட்டிப் பார்த்தார்கள் டினா ஃபைட்டல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும். 1993இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. அதுவரை அந்த வயதுக் குழந்தைகளுக்கு எழுத்து வழக்கு புரியாது என்று கருதி ஆசிரியர்கள் கதையைப் பேச்சு வழக்கில் மாற்றிச் சொல்வதே வழக்கமாக இருந்தது. வாசித்துக் கேட்ட குழந்தைகள், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் தாமே கதை சொல்வதிலும் மற்ற குழந்தைகளைவிட முன்னேறியிருந்தார்கள். இது நமக்கும் புதிதன்று. ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்டிருந்த தேநீர்க் கடைகளும், வானொலிச் செய்தியும், தேவாலயத்தின் வேத வாசிப்பும், கோயில் கதாகாலட்சேபமும், பள்ளிக்கூடத்தை மிதிக்காதவர்களுக்கும் எழுத்துத் தமிழைக் காது வழியாகப் பழக்கின. இன்றைய பிள்ளையின் காதில் விழும் தொலைக்காட்சித் தொடரும் கைப்பேசிக் காணொளியும் ஏறக்குறைய முழுவதும் பேச்சுத் தமிழ். பேச்சுத் தமிழில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை; ஆனால் அந்தப் பழைய வாய்க்கால்கள் வற்றிவிட்டதால், அவற்றின் வேலையை இப்போது வீடு செய்ய வேண்டியிருக்கிறது.

நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அவனால் தானே வாசிக்கக்கூடியதைவிடச் சற்றுக் கடினமான, ஆனால் அவனுக்குச் சுவையான கதையை எடுத்து, எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வாசியுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, அதை வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள், சொன்ன பிறகு மூல வாக்கியத்தை மறுபடியும் வாசியுங்கள்; இந்த இரண்டாம் வாசிப்பைத் தவறவிட்டால் முன்பு செய்ததையே செய்தவர்களாகிவிடுவோம். நீண்ட வாக்கியம் வந்தால் யார், என்ன செய்தார், எப்போது என்று பிரிக்கச் சொல்லுங்கள். சில நாள் கழித்து எதிர்த் திசையிலும் பழக்கலாம்: அவன் பேச்சில் சொன்ன நிகழ்ச்சியை நீங்கள் அப்படியே எழுதிக் காட்டி, புத்தகத்தில் இது எப்படி இருக்கும் என்று அவனையே மாற்றச் சொல்லுங்கள். காத்து காற்றாவதை இப்படித் தன் கையால் செய்த பிள்ளை மறப்பதில்லை.

வாசித்ததை நினைவில் நிறுத்த, மறுபடி மறுபடி வாசிக்கவைக்க வேண்டாம். 2006இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கேயும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்தினார்கள். நன்னூல் இதைத் தன் கணக்கில் சொல்லியிருக்கிறது: ஆசிரியர் சொல்வதை முழுதாக உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான், உடன் கற்பவர்களோடு பழகுவதால் மற்றொரு கால் பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு. எனவே புத்தகத்தை மூடிவிட்டுத் தங்கைக்கோ பாட்டிக்கோ அந்தப் பாடத்தை அவன் சொல்லட்டும். பாட்டி குறுக்கே கேட்கும் கேள்விகளுக்கு எந்த வினாத்தாளும் ஈடாகாது.

ஓர் எச்சரிக்கையோடு முடிக்கிறேன். நான் சொன்ன சோதனையில் அவன் கேட்டவுடன் எல்லாம் புரிந்துகொண்டு, தானே வாசிக்கும்போது மட்டும் திணறினால், மேலே சொன்ன யாவும் அவனுக்குப் போதாது. முதலில் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். பார்வையில் குறை இல்லை என்றால், சில மாதங்கள் நாள்தோறும் துணையோடு வாசித்துப் பழகியும் எழுத்துகளை மாற்றி வாசிப்பதும் சொற்களை ஊகித்து நிரப்புவதும் குறையவில்லையா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சிறப்பாசிரியர் ஒருவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ காலம் தாழ்த்தாமல் காட்டுங்கள். அங்கே போகும்போது அவன் வாசித்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துக்கொண்டு போவது நல்லது, ஏனெனில் புதிய இடத்தில், முன்பின் அறியாதவர் எதிரில், பிள்ளைகள் வழக்கம்போல் வாசிப்பதில்லை.